உப்பின் பின்னே ஓடும் தண்ணீர்

(ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் மகாசபையில் பேச எழுந்தால் தவணை கடந்த பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அதைக் காரியதரிசி அவர்கள் தமது அறிக்கையில் சொல்லிவிட்டார்கள். நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. நம் உடலும், நாம் வளர்க்கும் பயிரும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி சிற்றறைகளால் ஆனவை. இவற்றை உயிரணுக்கள் என்பர். ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அந்தச் சவ்வைக் கடந்து தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் எவ்விதம் உள்ளே செல்கின்றன, எவ்விதம் வெளியே வருகின்றன என்பதே என் விஷயம்.

இது கலாசாலை மாணாக்கருக்குரிய பாடமன்றோ, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நானும் மெட்ரிகுலேஷன் வரை படித்தவனே. ஆயினும் என் சுற்றுப்பயணத்தில் நேரில் கண்ட ஒரு சம்பவமும், என் பாட்டியார் சொல்லக் கேட்ட ஒரு சம்பவமும் இதைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டின. ஒன்று பயிரைப் பற்றியது. மற்றொன்று குழந்தையைப் பற்றியது. இரண்டுக்கும் அடிப்படையான விதி ஒன்றே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மேலே பேசுமுன் ஒரு சிறு காரியம் செய்கிறேன். இந்த மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே அளவு நல்ல தண்ணீர் இருக்கிறது. இடப்பக்கத்துத் தம்ளரில் மாத்திரம் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்திருக்கிறேன். ஒரே உருளைக்கிழங்கிலிருந்து அரிந்த மெல்லிய வில்லைகளை இரண்டு தம்ளர்களிலும் போடுகிறேன். என் பேச்சு முடியும் தறுவாயில் அவற்றை எடுத்துப் பார்ப்போம்.

கத்தரித் தோட்டத்து மனு

சில வருஷங்களுக்கு முன் வேறொரு கிராமத்துச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் என் கையில் ஒரு மனுவைக் கொடுத்தார். சங்கத்துக் கிடங்கில் கொடுத்த உரம் கலப்பட உரம் என்றும், அதைப் போட்ட மூன்றாம் நாள் தம் கத்தரிச் செடிகள் தலை சாய்ந்துவிட்டன என்றும், ஆகையால் அந்தப் பயிருக்காக வாங்கிய கடனைத் தாம் கட்ட முடியாது என்றும் அதில் எழுதியிருந்தார். விசாரிப்பது என் கடமை, தோட்டத்துக்குப் போனேன்.

செடிகள் வாடித்தான் இருந்தன. இலை விளிம்புகள் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன. மண்ணோ ஈரமின்றிக் கிடந்தது. செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் யூரியாவும் பொட்டாஷும் தண்டோடு ஒட்டிக் குவிந்திருந்தன. அதே மூட்டையிலிருந்து வாங்கிய உரத்தை அளவோடு தூவி, தண்டுக்கு எட்டவிட்டு, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் கட்டிய பக்கத்துத் தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. ஆகவே உரத்தில் கலப்படம் இல்லை. உடன் வந்திருந்த விவசாய அதிகாரி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஐயா, செடிக்கு நீங்கள் சோறு போடவில்லை, செடியை ஊறுகாய் போட்டுவிட்டீர்கள்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மனுக்காரர் சிரிக்கவில்லை, எனக்கும் அச்சமயம் அதன் பொருள் விளங்கவில்லை. அதிகாரியின் யோசனைப்படி இரண்டு தடவை நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி வடியவிட்டார்கள். ஓரத்து வரிசைகள் பிழைத்தன, மற்றவை போயின. அந்த நஷ்டம் அவருக்கு இரண்டு வருஷம் கடனாக நின்றது.

சவ்வு என்பது யாது?

இப்போது அந்த அதிகாரியின் வாக்கியத்தின் பொருளைப் பார்ப்போம். உயிரணுவின் சவ்வு மிகவும் மெல்லியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஏழெட்டுப் பங்கே அதன் கனம். இது கொழுப்புச் சத்தால் ஆன இரண்டு அடுக்கு என்பதை 1925ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்து கண்டார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததன்று. எண்ணெய்ப் பசையுள்ள இச்சவ்வு, தண்ணீரில் கரைந்த உப்பையும் சர்க்கரையையும் தானாக உள்ளே விடாது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவும், வெளியே விடும் கரியமில வாயுவும் மட்டும் தடையின்றி ஊடுருவிப் போய்வரும். தண்ணீர் சிறிது சிறிதாகக் கசிந்து செல்லும்.

தண்ணீர் போகலாம், உப்பும் சர்க்கரையும் போகலாகாது. இப்படி ஒரு தடுப்பு இருந்தால் என்ன நேரும்? 1748ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த நொல்லே என்ற பாதிரியார், ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் அத்தோல் மேல்நோக்கிப் புடைத்தது. வெளியில் இருந்த தண்ணீர் தோலைக் கடந்து உள்ளே புகுந்துவிட்டது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். இதன் விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: சவ்வின் எந்தப் பக்கத்தில் கரைந்த பொருள் அதிகமோ, அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும்.

பாதிரியார் கண்டதை நம் வீட்டுச் சமையலறையில் தினந்தோறும் காணலாம். மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கிறது, வடு சுருங்கியிருக்கிறது. அந்த நீர் வடுவின் உயிரணுக்களிலிருந்து வெளியே வந்த நீர். உலர்ந்த திராட்சையை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் அது பருக்கிறது. உள்ளே சர்க்கரை மிகுதி, ஆகவே தண்ணீர் உள்ளே போகிறது. கருவாட்டையும் ஊறுகாயையும் உப்பு காப்பதும் இவ்விதத்தாலேயே. அவற்றின்மேல் வந்து விழும் கிருமியின் உடலிலிருந்தும் உப்பு தண்ணீரை இழுத்துவிடுகிறது.

பயிரின் வேரும் இவ்விதிக்கு உட்பட்டதே. வேரின் நுனியில் உள்ள நுண்ணிய மயிர்கள் ஒவ்வொன்றும் ஓர் உயிரணு. சாதாரணமாக அதனுள் கரைந்திருக்கும் உப்புகள் மண்ணின் ஈரத்தில் இருப்பதைவிட அதிகம். ஆகையால் தண்ணீர் மண்ணிலிருந்து வேருக்குள் வருகிறது. வறண்ட மண்ணில் கைப்பிடி உரத்தை வேரின் அருகில் கொட்டினால் கணக்கு தலைகீழாகிறது. மண்ணின் ஈரத்தில் உப்பு மிகுந்துவிடுகிறது. தண்ணீர் வேரிலிருந்து மண்ணுக்குப் போகிறது. பயிர் பசியால் வாடவில்லை, தாகத்தால் வாடுகிறது. உவர் நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடி நிற்பதற்கும் இதுவே ஒரு காரணம். கத்தரித் தோட்டத்து மனுவுக்குக் கிடைத்த விடை இதுதான்.

சவ்வில் உள்ள கதவுகள்

இது நிற்க. உப்பும் சர்க்கரையும் சவ்வைத் தாமாகக் கடவா என்றால், பயிர் உரத்தை எவ்விதம் உண்கிறது, நாம் உண்ட உணவு இரத்தத்தில் எவ்விதம் சேர்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சவ்வில் ஆங்காங்கே கதவுகள் உண்டு. அவை புரதச் சத்தால் ஆனவை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிக் கதவு. சோடியத்தின் கதவில் சர்க்கரை போகாது, சர்க்கரையின் கதவில் தண்ணீருக்கு வேலையில்லை. தண்ணீர் மட்டும் செல்லுவதற்கென்று ஒரு கதவு இருப்பதை அமெரிக்க தேசத்து டாக்டர் பீட்டர் அக்ரே 1992ஆம் வருஷத்தில் நிரூபித்தார். அந்த ஒரு கதவின் வழியே ஒரு விநாடியில் ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகச் செல்கின்றன. இதற்காக 2003இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இக்கதவுகளில் சில, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல் செலவின்றி வேலை செய்கின்றன. வேறு சில கிணற்றில் ஏற்றம் இறைப்பதுபோல் பாடுபட்டு வேலை செய்கின்றன. இரண்டாவது வகையில் முக்கியமானதொன்றை 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கௌ என்பவர் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார். அது ஒவ்வொரு முறையும் உயிரணுவுக்குள் இருக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, வெளியில் இருக்கும் 2 பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது. நாம் உறங்கும்போதும் இவ்விறைப்பு நிற்பதில்லை. உடல் ஓய்வாக இருக்கையில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. இதனால் உயிரணுவுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவும், வெளியில் எப்போதும் அதிகமாகவும் இருக்கிறது. ஆகவே உள்ளே நுழையச் சோடியம் எந்நேரமும் வாயிலில் காத்து நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் விஷயத்துக்கு வரும்போது வேண்டும்.

பயிரின் வேரிலும் இவ்வித இறைப்பு உண்டு. அதற்கு வேண்டிய சக்தியை வேர் சுவாசித்தே பெறுகிறது. மிளகாய், பருத்தி, பயறு முதலியவற்றில் தண்ணீர் தேங்கினால், உரம் இருந்தும் பயிர் மஞ்சளிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேருக்கு மூச்சு இல்லை; மூச்சு இல்லாததால் இறைக்கச் சக்தி இல்லை. அச்சமயம் மேலும் உரம் வாங்கிப் போடுவதில் பயனில்லை. வடிகால் வெட்டுவதே முதல் வைத்தியம்.

என் பாட்டியாரின் முதற்குழந்தை

இனி இரண்டாவது சம்பவத்துக்கு வருகிறேன். என் பாட்டியாருக்கு முதலில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. ஒன்றரை வயதில் அதற்கு வாந்திபேதி கண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் குழந்தையின்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அக்குழந்தை அன்று பகல் முழுதும் தண்ணீர்ச் சொம்பையே பார்த்து அழுததாம். மாலையில் அழுகை நின்றது. கண்ணில் நீர் இல்லை. விடியுமுன் போய்விட்டது. அதற்குப்பின் ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த என் பாட்டியார், எழுபது வயதிலும் அந்தச் சொம்பைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

இது பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. பேதியினால் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இக்காலத்திலும் ஆண்டொன்றுக்கு 4 லட்சத்துக்கு மேல் மடிகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. "வயிற்றைக் காயப்போடு" என்ற வார்த்தையும் கிராமங்களில் இன்னும் காதில் விழுகிறது.

கிருமி செய்யும் வேலை

பேதிகளில் கொடியது காலரா. இந்தக் கிருமி குடலைக் கடித்துப் புண்ணாக்குவதில்லை. அது ஒரு நஞ்சை உமிழ்கிறது. அந்த நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் டாக்டர் சம்பு நாத் தே என்ற நம் நாட்டவர் 1959இல் முயல்களின் குடலில் பரிசோதித்து நிரூபித்தார். நஞ்சு செய்வது யாது? குடலின் உட்புறத்தில் உள்ள உயிரணுக்களில், குளோரைடு வெளியேறும் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. நாம் சாப்பிடும் உப்பு சோடியம், குளோரைடு என்ற இரண்டால் ஆனது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியம் அதைத் தொடர்கிறது. உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் போகும் என்பதே நம் விதியாகையால், உடம்பின் தண்ணீரெல்லாம் அதன் பின்னே ஓடுகிறது. மாவடு ஜாடியில் நீர் விட்டதே, அவ்விதமே. கடுமையான காலராவில் வளர்ந்த மனிதன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழந்துவிடக்கூடும். சில மணி நேரத்தில் கண் குழிந்து, கை கால் சில்லிட்டு, நாடி அடங்கிவிடுகிறது.

ஆகவே பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் நஷ்டமாவதே. போனதைத் திரும்பக் கொடுத்தால் உயிர் நிற்கும். ஆனால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் போதிய அளவு உடம்பில் சேராது. இழுத்துச் செல்ல ஆளில்லை. உப்புத் தண்ணீரைக் கொடுத்தாலும் நோயுற்ற குடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. ஊசி மூலமாக இரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றுவதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும். அவ்வளவு தூரம் போய்ச் சேருமுன் குழந்தை இராது.

இரண்டு கையெழுத்துக் கதவு

1960ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையில், ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். குடலின் உயிரணுவில், குளுக்கோஸ் என்ற சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து நுழையும் கதவு ஒன்று உண்டு என்பதே அது. சங்கத்து அங்கத்தினர்களாகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பாங்கியில் உள்ள நம் சங்கத்துப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. காரியதரிசி கையெழுத்து மட்டும் போதாது. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் செக்கு செல்லும். அதுபோலவே, இக்கதவு சர்க்கரை தனியே வந்தால் திறவாது. சோடியம் தனியே வந்தாலும் திறவாது. இரண்டும் ஒருங்கே வந்தால் திறக்கும். வாயிலில் காத்து நிற்கும் சோடியம் உள்ளே பாயும் வேகத்தில், சர்க்கரையையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுகிறது. இரண்டும் உள்ளே போனபின், அவற்றின் பின்னே தண்ணீர் போகிறது.

இதில் நமக்குப் பெரும் பாக்கியம் யாதெனில், காலராவின் நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் வெள்ளம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே, இந்த மதகு கெடாமல் நிற்கிறது. திறக்கும் சாவி சமையலறையில் இருக்கிறது: கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை.

1968இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்டு காஷ் என்ற இரு டாக்டர்கள், காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்து, ஊசி வழியே ஏற்ற வேண்டிய நீரில் ஐந்தில் நான்கு பங்கை மிச்சப்படுத்தலாம் என்று காட்டினார்கள். ஆயினும் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் சாதாரண ஜனங்கள் இதைக் கொடுக்கக்கூடுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

அச்சந்தேகம் 1971இல் தீர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் யுத்தம் மூண்டு லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தபோது, எல்லையை அடுத்த பன்காவ் ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் பொட்டலம் கட்டி, பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் தாயாரிடமும் உறவினரிடமும் குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். ஊட்டியவர்கள் உயிரணுவையும் சவ்வையும் அறியாதவர்கள். முகாம்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 3.6 பேரே இறந்தார்கள். அதன்பின் உலக சுகாதார ஸ்தாபனம் இம்முறையை எல்லாத் தேசங்களுக்கும் எடுத்துச் சென்றது.

செய்ய வேண்டியது

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் பொட்டலம் கிடைக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2002இல் திருத்திய அளவின்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரைத் தம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கலாகாது.

பொட்டலம் அகப்படாத வேளையில், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில், தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை, இவ்விரண்டையும் நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். நெல் அளக்கும்போது படியைத் தலைதட்டுவதுபோல், கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்தப் பழைய விதியையே மறுபடியும் நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு ருசிக்கட்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால், குடலுக்குள் கரைந்த பொருள் மிகுந்து, உடம்பின் தண்ணீரைக் குடல் இழுத்துக்கொள்ளும், பேதி அதிகமாகும். உப்பை அள்ளிப் போட்டால், இரத்தத்தில் உப்பு மிஞ்சி, மூளையின் உயிரணுக்களிலிருந்தே தண்ணீர் வெளியேறி, வலிப்பும் மரணமும் நேரலாம். கத்தரிச் செடிக்கு நேர்ந்ததே குழந்தைக்கும் நேரும். கரைத்து வாயில் வைத்துப் பாருங்கள்; கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவுச் சத்து தண்ணீரை அதிகம் இழுப்பதில்லை. குடலில் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறி, அதே கதவைத் திறக்கிறது. இளநீரும் கொடுக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஆகையால் அதையே முழுமருந்தாக நம்பலாகாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதியானபின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டர், பெரியவர்களுக்கு வேண்டியமட்டும். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கண் மூடிக் கிடந்தாலும், குடிக்க முடியாமற் போனாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெதுவாகப் படிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலும், குடிக்க முடிந்த குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே போக வேண்டும்.

இந்த மருந்து பேதியை உடனே நிறுத்தாது. இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். "கொடுத்துப் பார்த்தேன், பேதி நிற்கவில்லை" என்று நடுவில் விட்டுவிடுவதால் இழந்த உயிர்கள் உண்டு. பேதி தானே ஓயும் வரை உயிரை நிறுத்தி வைப்பது இதன் வேலை.

முடிவுரை

இப்போது தம்ளர்களைப் பார்ப்போம். அக்கிராசனர் அவர்களே தங்கள் கையால் எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். நல்ல தண்ணீரில் கிடந்த வில்லை விறைப்பாக நிற்கிறது, வளைத்தால் ஒடிகிறது. உப்புத் தண்ணீரில் கிடந்தது துணிபோல் துவண்டு விரலில் தொங்குகிறது. இரண்டும் ஒரே கிழங்கின் துண்டுகள். தயவுசெய்து இதைக் கைமாற்றிக் கடைசி வரிசை வரை அனுப்புங்கள். பெண்கள் பக்கத்துக்கும் போகட்டும்.

நிர்வாக சபையாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. உரம் விற்கும்போது, எவ்வளவு, எங்கே, எந்த ஈரத்தில் போட வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அடுத்து, சங்கத்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்நாளும் இருப்பில் இருக்கும்படி இன்றைய கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் செய்யுங்கள். நள்ளிரவில் ஒரு தாய் வந்து கதவைத் தட்டினால், கணக்கு மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

அங்கத்தினர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே. இன்று வீட்டுக்குப் போனதும், ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அது நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வையுங்கள். அதனருகே ஒரு தேக்கரண்டியையும் வையுங்கள். என் பாட்டியார் வீட்டில் அன்று சொம்பும் இருந்தது, தண்ணீரும் இருந்தது, உப்பும் இருந்தது, வெல்லமும் இருந்தது. அந்தக் கோடு ஒன்றுதான் இல்லை.